ஓர் அங்குலக் குதிகால்

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு வளர்ந்தவர்களுக்கும், ஜெய்சங்கர் குதிரையேறி வந்த ‘கங்கா’வைக் கொட்டகையில் பார்த்தவர்களுக்கும் கௌபாய் பூட்ஸ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூரான முனை, கெண்டைக்காலை மூடும் தோல், அதில் வரிவரியாகத் தையல், உள்வாங்கிச் சரிந்த உயரமான குதி. ஆனால் இன்று டெக்சாஸில் ஒரு மாட்டுப் பண்ணைக்குள் நுழைந்து, அங்கே பாடுபடுகிறவர்களின் கால்களைப் பார்த்தால் வேறொரு பூட்ஸையும் நிறையவே காணலாம். அதன் முனை உருண்டையாகவோ சதுரமாகவோ இருக்கும். குதி தட்டையாக, ஓர் அங்குலத்தை ஒட்டி நிற்கும். தோலும் கெண்டைக்காலின் நடுவோடு நின்றுவிடும். ரோப்பர் என்பது அதன் பெயர். அந்த ஓர் அங்குலத்துக்குள் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பதை இன்று நிதானமாகப் பார்ப்போம்.

இந்த விஷயத்தில் அநேகமாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. பூட்ஸ் என்றால் நடப்பதற்கு. கௌபாய் பூட்ஸின் உயர்ந்த குதி மிடுக்குக்கு. தாழ்ந்த குதி வைத்த பூட்ஸ் என்பது மிடுக்கைக் குறைத்து, வசதிக்காகச் செய்த இரண்டாந்தரச் சரக்கு. அமெரிக்காவிலேயே இப்படி நினைப்பவர்கள் ஏராளம். இதில் முதல் படியே பிசகு. கௌபாய் பூட்ஸ் நடப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அது உட்கார்ந்திருப்பவருக்கான காலணி. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கொஞ்சம் பின்னால் போவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது, டெக்சாஸ் சமவெளிகளில் நீண்ட கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் திரிந்தன. அங்கே ஒரு மாடு ஏறக்குறைய 4 டாலருக்குப் போனது. அதே மாட்டை வடக்கே கொண்டு சேர்த்தால் அதைப் போல ஏழெட்டு மடங்கு, சில நேரம் பத்து மடங்கு விலை. கான்சாஸ் மாநிலத்து அபிலீன் ஊரில் ரயிலடியும் மாட்டுப்பட்டிகளும் தயாரானது 1867இல். அதிலிருந்து ஆண்டுதோறும் மந்தை மந்தையாக மாடுகளை வடக்கே ஓட்டிப் போனார்கள். மந்தை ஒரு நாளில் 16 முதல் 24 கிலோமீட்டர் நகரும். பயணம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அத்தனை நாளும் மாடோட்டிகள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சேணத்தின்மேல்தான் இருந்தார்கள்.

அவர்கள் அந்தத் தொழிலைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளவில்லை. சேணம், சுருக்குக்கயிறு, குதிரைமேலிருந்தே மந்தையைத் திருப்பும் வித்தை ஆகிய எல்லாமே அவர்களுக்கு முன்பே வக்கேரோக்கள் எனப்பட்ட மெக்சிகோவின் குதிரையேறிய மாடோட்டிகளிடம் இருந்தவை. ஸ்பானியர்கள் மாட்டையும் குதிரையையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய 16ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த கலை அது. பூட்ஸுக்கு மட்டும் இன்னொரு பக்கத்து உறவும் உண்டு. ஐரோப்பியக் குதிரைப்படை வீரர்கள் அணிந்த உயர்ந்த தோல் காலணிகள்தான் அதன் மூதாதை. உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள் அத்தகைய பூட்ஸோடுதான் மாடோட்டும் வேலைக்கு வந்தார்கள். அவை நீண்ட சவாரிக்குச் சரிப்படவில்லை. டெக்சாஸிலும் கான்சாஸிலும் இருந்த பூட்ஸ் தைப்பவர்கள் அவற்றை மாற்றத் தொடங்கினார்கள்.

அவர்கள் மாற்றிய முதன்மையான இடம் குதி. ஏன் என்று பார்க்க, சேணத்தில் இருப்பவரின் காலை மனதில் நிறுத்திக்கொள்வோம். சேணத்தின் இருபுறமும் தொங்கும் அங்கவடிக்குள் பாதத்தின் முன்பாதி நுழைந்து ஊன்றியிருக்கிறது. குதிரை திடீரென்று மிரள்கிறது. பாதம் முன்னுக்கு வழுக்குகிறது. தடுக்க எதுவும் இல்லையென்றால் பாதம் முழுவதும் அங்கவடியைத் தாண்டி, வளையம் கணுக்காலில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கீழே விழுபவரின் உடல் தரையில் கிடக்கும், கால் மட்டும் மேலே சிக்கியிருக்கும். மிரண்ட குதிரையோ பின்னால் எதையோ இழுத்துக்கொண்டு ஓடுவதால் இன்னும் மிரண்டு ஓடும். மாடோட்டிகள் மிகவும் அஞ்சிய சாவுகளில் இது ஒன்று.

ஒன்றரை, இரண்டு அங்குல உயரத்துக்குக் குதி வைத்ததற்குக் காரணம் இதுதான். பாதம் வழுக்கினால் குதியின் முன்சுவர் அங்கவடியில் இடித்து நின்றுவிடும். அதற்குமேல் போகாது. மிடுக்கு என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதே கண்ணோடு பூட்ஸின் மற்ற பாகங்களையும் பார்க்கலாம். அடித்தோல் ஏன் வழுவழுப்பாக இருக்கிறது? அங்கவடிக்குள் கால் எளிதில் போகவும், ஆபத்தில் உடனே வெளியே வரவும். கயிறு கட்டும் துளைகள் ஏன் இல்லை? எல்லாம் கைமீறிப் போய்க் கால் சிக்கிக்கொண்டால், பூட்ஸ் அங்கவடியிலேயே தங்கிக் கால் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். தோல் ஏன் கெண்டைக்காலின் உச்சிவரை ஏறுகிறது? சேணத்து வார் காலை உரசிப் புண்ணாக்காமல் இருக்க, முள் கிழிக்காமல் இருக்க. டெக்சாஸ் காடுகளில் மண்டிக் கிடப்பது மெஸ்கீட் என்ற முள்மரம். நம் ஊரில் கண்மாயையும் தரிசையும் விழுங்கிக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது. அந்த முள்ளை மிதித்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டாம்.

கூரான முனையும் அங்கவடியைத் தேடிப் பிடிக்கத்தான் என்று சிலர் சொல்வதுண்டு. மாடோட்டிய காலத்துப் பூட்ஸ்களைப் பார்த்தால் முனை பெரும்பாலும் உருண்டையாகவோ சதுரமாகவோதான் இருக்கிறது. ஊசிமுனை பரவியது 1940, 50களில், சினிமாவும் ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டின் அரங்குகளும் கௌபாயை நாயகனாக்கிய பிறகு. ஆக, இன்றைய ரோப்பரின் உருண்டை முனை பழமையை விட்டு விலகியதல்ல, பழமைக்குத் திரும்பியது என்றே சொல்வேன்.

சரி, உயிரைக் காத்த குதியைப் பிறகு ஏன் தாழ்த்தினார்கள்? பூட்ஸுக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை. மாறியது வேலை.

ஜோசப் கிளிடன் என்பவர் 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் திறந்த மேய்ச்சல் வெளி கம்பிவேலிகளால் துண்டு துண்டானது. மாட்டுண்ணிக் காய்ச்சலுக்கு அஞ்சி டெக்சாஸ் மாடுகள் நுழையக் கூடாது என்று வடக்கத்தி மாநிலங்கள் சட்டம் போட்டன. ரயிலும் தெற்கே நீண்டு வந்துவிட்டது. மாதக்கணக்கில் மந்தை ஓட்டிய காலம் 1880களின் நடுவில் அநேகமாக முடிந்தது. சேணத்தில் இருந்தவருக்கு இப்போது கீழே இறங்கிச் செய்யும் வேலைகள் வந்து சேர்ந்தன. வேலிக்கால் நட வேண்டும், கம்பி இழுத்துக் கட்ட வேண்டும், காற்றாலையில் ஏறி எண்ணெய் விட வேண்டும், வைக்கோல் ஏற்ற வேண்டும். உயர்ந்த குதியோடு நாளெல்லாம் தரையில் நின்று குழி தோண்டுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குதி உயர்ந்தால் காலுக்கு என்ன ஆகிறது? தட்டையாக நின்றால் உடல் பாரத்தில் பெரும் பங்கைக் குதிகால் தாங்கும். குதியை உயர்த்த உயர்த்த அந்தப் பாரம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பகுதிக்கு நகரும். பாதம் சரிவில் நிற்பதால் முன்னுக்கு வழுக்கி, விரல்கள் முனையில் முட்டும். கெண்டைச்சதை சுருங்கியே இருக்கும். கணுக்காலும் பக்கவாட்டில் ஆட்டம் காணும், ஏனென்றால் உள்வாங்கிய குதியின் அடிப்பரப்பு மிகச் சிறியது. ஈரமண்ணில் அந்தச் சிறிய அடி குத்தி இறங்கிவிடும். சேணத்தில் இருக்கும்வரை இவற்றில் எதுவும் தெரியாது. அங்கே பாரத்தைத் தாங்குவது இருக்கையும் அங்கவடியும்.

தாழ்ந்த குதிக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தது பண்ணை வேலை மட்டுமல்ல, ரோடியோ விளையாட்டும்தான். கன்றைக் கயிறு வீசிப் பிடித்துக் கட்டும் போட்டி ஒன்று உண்டு, அப்படிக் கயிறு வீசுபவர்தான் ரோப்பர். கன்று 100 முதல் 127 கிலோ வரை இருக்கும். அது சீறிப் பாய்ந்து ஓட, வீரர் குதிரையில் துரத்தி, கழுத்தில் சுருக்கு விழும்படி கயிறு வீசுகிறார். கயிற்றின் மறுமுனை சேணத்தில் கட்டியிருக்கிறது. குதிரை சட்டென்று நிற்கிறது. அது நின்று முடிப்பதற்குள் வீரர் குதித்து, கயிற்றை ஒட்டி ஓடுகிறார். கன்றைத் தூக்கிச் சாய்த்து, பல்லில் கவ்வியிருந்த சிறிய கயிற்றால் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கைகளையும் உயர்த்துகிறார். பிறகு குதிரையேறி முன்னே வந்து கயிற்றைத் தளர்த்த வேண்டும். அதன் பின் 6 விநாடி கட்டு அவிழாமல் நிற்க வேண்டும். தேர்ந்தவர்கள் துரத்தலிலிருந்து கைகளை உயர்த்துவது வரை எல்லாவற்றையும் 10 விநாடிக்குள் முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் 10 விநாடியில் இரண்டு தொழில்கள் அடுத்தடுத்து வருகின்றன. பாதி நேரம் அவர் சவாரிக்காரர், மீதி நேரம் புழுதியில் ஓடும் ஓட்டக்காரர். இரண்டு அங்குலக் குதியோடு ஓடினால் கணுக்கால் பிசகும். குதியே இல்லாத காலணியென்றால் சவாரியில் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே வந்து நின்ற விடைதான் அந்த ஓர் அங்குலம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோப்பர் குதி வெறுமனே உயரம் குறைந்த குதி அல்ல, அதன் வடிவமும் வேறு. பழைய குதியின் பின்சுவர் உள்ளே சரிந்து போகும். ரோப்பரின் பின்சுவர் ஏறக்குறைய நேராக இறங்கும். அதனால் தரையைத் தொடும் பரப்பு அகலமாகிறது, பாரம் பரவுகிறது, சேற்றில் இறங்குவதில்லை. முன்சுவரை மட்டும் செங்குத்தாகவே விட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கவடியில் இடித்து நிற்க வேண்டியது அதுதான். சவாரி கற்றுத்தருபவர்களில் பெரும்பாலோர் ஓர் அங்குலமாவது குதி இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். ஆகவே தாழ்ந்த குதியைச் சமரசம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பாதுகாப்புக்கு வேண்டிய அளவை அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டாததை மட்டும் செதுக்கி எடுத்திருக்கிறார்கள்.

இனி வசதிக்கு வருவோம். இதைப் பற்றியே அதிகம் கேட்பார்கள். இப்போதெல்லாம் காலணி வசதி என்றாலே மெத்தை நினைவுக்கு வருகிறது, கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறோம். கயிறில்லாத பூட்ஸில் வசதி வேறோர் இடத்தில் இருக்கிறது. புறங்காலில், அதாவது பாதத்தின் மேற்புறம் கணுக்காலை நோக்கி ஏறத் தொடங்கும் மேட்டில். கயிறு இருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். கயிறில்லாத பூட்ஸில் பாதத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த மேட்டின்மேல் படியும் தோல் ஒன்றுதான். வளையல் போடுவதைப் போலத்தான் இது. கையை மடக்கி மொளியைத் தாண்டும்வரை வளையல் இறுக்கும், தாண்டிவிட்டால் மணிக்கட்டில் வலியில்லாமல் உட்காரும், தானாகக் கழன்றும் விழாது. சரியான அளவுள்ள பூட்ஸும் நுழையும்போது கொஞ்சம் மறுத்து, ‘டப்’ என்ற சத்தத்தோடு காலை உள்வாங்கும்.

டெக்சாஸில் ரெட் நதிக்கரையில் உள்ள ஸ்பானிஷ் ஃபோர்ட் ஊரில் எச்.ஜே. ஜஸ்டின் என்பவர் 1879இல் பூட்ஸ் தைக்கத் தொடங்கினார். மாடோட்டிகள் வடக்கே போகும் வழியில் அளவு கொடுத்துவிட்டு, திரும்பும்போது பூட்ஸை வாங்கிக்கொள்வார்களாம். 1889இல் ரயில் வந்த நோகோனா ஊருக்கு அவர் கடையை மாற்றினார். நேரில் வர முடியாதவர்களுக்காக அவரும் அவர் மனைவி ஆனியும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தங்கள் காலைத் தாங்களே அளந்து தபாலில் அனுப்ப, படத்தோடும் அளவு நாடாவோடும் ஒரு பொட்டலம் அனுப்பி வைப்பார்கள். பாதத்தின் நீளத்தோடு விடாமல் புறங்காலின் சுற்றளவு, குதியின் சுற்றளவு, கணுக்கால் என்று பல இடத்து அளவுகளைக் கேட்டு வாங்கினார்கள். பிடி எங்கே இருக்கிறது என்று தைப்பவர்களுக்கு அப்போதே தெரியும்.

புதிய பூட்ஸை அணிந்து நடக்கும்போது குதிகால் உள்ளே கொஞ்சம் எழும்பும். கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை எழும்பினால் பயப்பட வேண்டாம். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு, பெரிய அளவை எடுத்துவிட்டோம் என்று ஓர் எண் குறைத்து வாங்குகிறார்கள். பிறகு விரல் நசுங்குகிறது என்று பூட்ஸைத் திட்டுகிறார்கள். குதி எழும்பக் காரணம் அடித்தோல் இன்னும் வளையப் பழகவில்லை என்பதுதான். நாம் பாதத்தை வளைக்கிறோம், புது அடித்தோல் வளைய மறுக்கிறது, அதனால் குதி மட்டும் மேலே வருகிறது. சில வாரம் போட்டு நடந்தால் அடித்தோல் வளையும், எழும்பலும் அடங்கும். புறங்காலில் பிடி சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. அது தளர்ந்திருந்தால் எத்தனை வாரம் போட்டாலும் சரியாகாது.

வசதியின் இன்னொரு பகுதி கண்ணுக்கே தெரியாது. குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, பாதத்தின் வளைவுக்கு அடியில், தோல் அடுக்குகளுக்குள் ஓர் எஃகுப் பட்டை புதைந்திருக்கும். ஷாங்க் என்பார்கள். அங்கவடியில் எழுந்து நிற்கும்போதும், ஏணிப்படியில் மணிக்கணக்கில் நிற்கும்போதும் வளைவு தொய்ந்துவிடாமல் தாங்குவது இந்தப் பட்டைதான். நல்ல பூட்ஸில் இதன் இருபுறமும் உலோக ஆணிக்குப் பதில் மர ஆணிகளை அடித்திருப்பார்கள். ஈரம் பட்டால் மரமும் தோலும் சேர்ந்தே உப்பும், காய்ந்தால் சேர்ந்தே சுருங்கும். அதனால் ஆணி கழன்று வருவதில்லை. உட்புறத்துத் தோலோ நாளாக நாளாக நம் பாதத்தின் அச்சைப் பெற்றுக்கொள்ளும். மெத்தை அழுந்தித் தட்டையாகிப் போகும் காலத்தில் தோல் அப்போதுதான் நமக்காகப் பதமாகியிருக்கும்.

மெத்தையே கூடாது என்பதல்ல. கலிபோர்னியாவில் 1993இல் தொடங்கிய ஏரியட் நிறுவனம், ஓட்டக் காலணிகளில் கண்ட உத்திகளைச் சவாரிப் பூட்ஸுக்குள் கொண்டுவந்தது. நாளெல்லாம் கான்கிரீட் தரையில் நிற்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

குதிரையே பார்க்காத பலரும் இன்று இந்தப் பூட்ஸைப் போடுகிறார்கள். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள், மாட்டு மருத்துவர்கள், லாரி ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள் என்று பட்டியல் நீளும். வெல்டர்களின் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. தெறிக்கும் பொறி காலணிக் கயிற்றைப் பொசுக்கிவிடும். கயிறில்லாத பூட்ஸில் பொசுங்க எதுவுமில்லை, தப்பித் தவறி உள்ளே கனல் விழுந்தாலும் ஒரே இழுப்பில் காலை வெளியே எடுத்துவிடலாம். சிக்கிய சவாரிக்காரரின் கால் உருவிக்கொண்டு வர வேண்டும் என்று செய்த அமைப்பு, பட்டறையில் இன்னொருவர் காலைக் காப்பாற்றுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கட்டட வேலைக்கென்று வரும் பூட்ஸில் ஆழமான வரிகள் வெட்டிய ரப்பர் அடி இருக்கும், எண்ணெய்த் தரையிலும் ஈரத்திலும் வழுக்காமல் இருக்க. வேறு சிலவற்றில் குதியும் அடியும் ஒரே பாளமாக, இடைவெளியே இல்லாமல் இருக்கும். இவை நடக்க அருமை, நிற்க அருமை. சவாரிக்கு ஆகாது. ஆழமான வரி அங்கவடியில் பிடித்துக்கொள்ளும், ஒரே பாளத்திலோ தடுத்து நிறுத்தச் சுவரே கிடையாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் கௌபாய் பூட்ஸாகத் தெரியும். திருப்பிப் பிடித்து அடியைப் பார்த்தால்தான் யாருக்காகச் செய்தது என்று புரியும்.

வாங்கும் எண்ணம் இருந்தால் மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. எந்தக் காலுறையோடு போடப் போகிறீர்களோ அதையே அணிந்து போங்கள். முதலில் புறங்காலில் பிடி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பாதத்தின் அகலமான இடம் பூட்ஸின் அகலமான இடத்தில் வந்து உட்கார்கிறதா என்று பாருங்கள். குதி கொஞ்சம் எழும்பினால் விட்டுவிடுங்கள். அடித்தோல் தைத்ததா, பசையால் ஒட்டியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தைத்ததென்றால் தேய்ந்த பிறகு புது அடி போட்டுக்கொள்ளலாம். குதியும் தோல் அடுக்குகளால் ஆனதாக இருந்தால், தேய்ந்த அடுக்கை மட்டும் மாற்றித் தருவார்கள். அப்படி ஒரு ஜோடியைப் பல ஆண்டுகள் போடலாம்.